ஜப்பான் ஆம்ப், தகரக் கூரை, ஐந்து ஸ்பீக்கர்: கொட்டகலையில் ஒரு 5.1

கொழும்பிலிருந்து வருகிற ரீகண்டிஷன் ஜப்பான் ஆம்ப் ஒன்றை யாராவது மலிவாகக் கிடைத்தது என்று தூக்கிக்கொண்டு வந்தால், நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அதன் முதுகைத்தான். பவர் வயர் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லேபிள் இருக்கும். மலையகத்தில், கொட்டகலையில் அக்கா வீட்டுக்கு 5.1 சரவுண்ட், அதாவது சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கரும் அடிச் சத்தமான பேஸுக்கென்று ஒரு சப் ஊஃபரும் போட மச்சான் வாங்கி வைத்திருந்த யமஹா ரிசீவரில் (வருகிற சத்தத்தைப் பெட்டிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஆம்ப்) அது 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றது. ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60, அதனால் இரண்டையும் போட்டிருப்பார்கள், அதில் நமக்குச் சிக்கல் இல்லை. வோல்ட்தான் சிக்கல். நம்முடைய சுவரில் வருவது 230. நேராகச் செருகினால் உள்ளே இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும், அப்புறம் அது கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுக்கத்தான் ஆகும்.

விற்ற கடைக்காரர் ஒரு ஸ்டெப்டவுன் பெட்டியும் சேர்த்தே கொடுத்திருந்தார். அது 230ஐ 110 ஆக்குகிற பெட்டி. பத்து வோல்ட்தானே என்று மச்சான் சொன்னார். ஆனால் ராத்திரி தேயிலைத் தோட்டம் முழுக்க விளக்கை அணைத்த பிறகு லைனில் 240 வரை ஏறுகிறது, அப்போது அந்தப் பெட்டி கொடுப்பது 115க்குக் கிட்ட. நூறுக்குச் செய்த சாமானுக்குப் பதினைந்து வீதம் கூட. உடனே ஒன்றும் ஆகாது, சூடு கூடும், உள்ளே இருக்கிற கப்பாசிட்டர் எல்லாம் சீக்கிரம் வயதாகும். மல்டிமீட்டரை வைத்துக் காட்டிய பிறகுதான் மனுஷன் ஒத்துக்கொண்டார். அதோடு அந்த மலிவுப் பெட்டி ஓட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர், ஒரே சுற்றில் நடுவே ஒரு வயரை இழுத்திருப்பார்கள், லைன் மின்சாரத்துக்கும் ஆம்புக்கும் நடுவில் பிரிவே கிடையாது. மோட்டர் காயில் கட்டுகிற கடையில் சொல்லி இரண்டு சுற்றும் தனித்தனியாக இருக்கிற 230ஐ 100 ஆக்குகிற, 500 விஏ (வோல்ட்-ஆம்பியர், அது தாங்குகிற பாரத்தின் அளவு) ஒன்றைச் செய்வித்தோம். ஆம்ப் லேபிளில் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறதோ அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் சூடாகாமல் கிடக்கும். நல்ல பாரம், அதனால் தட்டில் வைக்காமல் தரையிலேயே ஒரு பலகை போட்டு வைத்தாயிற்று. மெல்லிய ரீங்காரம் வரும், அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டால் கேட்காது.

இதெல்லாம் வருவதற்கு முன்னாலேயே மச்சானின் அண்ணன் மகன் அந்த 110 பெட்டியை வைத்து எல்லாவற்றையும் இணைத்திருந்தான். நான் போனபோது ஐந்து ஸ்பீக்கரும் பாடின. “பாத்தீங்களா மச்சான், சரவுண்ட் வருது” என்று எனக்கும் போட்டுக் காட்டினார்கள். பாட்டு நாலு பக்கமும் வந்தது உண்மைதான், ஆனால் பின்னால் காதை வைத்தால் முன்னால் கேட்கிற அதே குரல், அதே தபேலா. ரிசீவரை எல்லாச் சேனலிலும் ஸ்டீரியோ என்கிற மோடில் போட்டு வைத்திருக்கிறான். முன்னால் வருவதையே பின்னாலும் கொப்பி அடித்துக் கொடுக்கிற மோட் அது. கல்யாண வீட்டுக்கு நல்லது. ஐந்து பெட்டியிலும் சத்தம் வந்தால் சரவுண்ட் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள்தான் நான் பார்த்த வீடுகளில் அதிகம், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பெட்டியில் 5.1 என்று அச்சடித்திருக்கிறதே.

உண்மையில் என்ன வருகிறது என்று ரிசீவரின் முன் திரையே சொல்லும். டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் (பல சேனல் சத்தத்தைச் சுருக்கிப் பொட்டலமாகக் கட்டுகிற முறைகள்) என்று காட்டினால் ஆறு சேனல், அதாவது ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிச் சத்தம், வந்து சேர வாய்ப்பிருக்கிறது. பிசிஎம் (பொட்டலத்தை ஏற்கனவே பிரித்துவிட்ட சத்தம்) என்று காட்டி இரண்டு சேனல் மட்டும் எரிந்தால் வாசலிலேயே நாலைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். அக்கா வீட்டில் டிஷ் பெட்டி, டிவிடி பிளேயர் இரண்டும் டிவியில் செருகியிருந்தன, டிவியிலிருந்து, சத்தத்தை ஒளியாகக் கடத்துகிற ஓர் ஒப்டிகல் வயர் ரிசீவருக்கு. டிவியின் உள்ளே இருக்கிற ஆப்பில் ஒரு 5.1 படத்தைப் போட்டேன், டால்பி டிஜிட்டல் என்று காட்டியது. டிவிடி போட்டேன், பிசிஎம். டிவிடி பிளேயரில் பழுது இல்லை, வயரிலும் இல்லை. படமும் சத்தமும் சேர்ந்து போகிற எச்டிஎம்ஐ வயர் வழியாக வெளியிலிருந்து உள்ளே வருகிற சத்தத்தைப் பல டிவிகள் ஸ்டீரியோவாகக் குறுக்கித்தான் ஒப்டிகலுக்கு விடும், தங்கள் சொந்த ஆப்பின் சத்தத்தை மட்டும் முழுசாக விடும். இதைத் தெரியாமல் வயரை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பொழுது போகும்.

அதனால் வழியை மாற்றினோம். டிஷ் பெட்டியும் டிவிடியும் நேராக ரிசீவரின் எச்டிஎம்ஐ உள்வாயில்களுக்கு. ரிசீவரின் வெளிவாயிலிலிருந்து ஒரே ஒரு வயர் டிவிக்கு, அதுவும் டிவியில் ஏஆர்சி என்று எழுதியிருக்கிற வாயிலுக்குத்தான், மற்ற வாயிலில் செருகினால் படம் வரும், டிவி ஆப்பின் சத்தம் திரும்பி வராது. ஏஆர்சி என்பது 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 பதிப்பில் சேர்த்த வசதி, அதே வயரில் படம் டிவிக்குப் போகும்போது டிவியின் சத்தம் எதிர்த் திசையில் ரிசீவருக்கு வரும். உங்கள் ரிசீவர் அதற்கு முந்தியது என்றால் டிவிக்காக ஒப்டிகல் வயரை அப்படியே விட்டுவிடுங்கள், ஆறு சேனல் டால்பி டிஜிட்டலுக்கு அது தாராளமாகப் போதும். பழைய ரிசீவர் வழியாக 4கே படம் போகாது, அக்கா வீட்டில் 4கே வருவது டிவியின் சொந்த ஆப்பில் மட்டும்தான் என்பதால் அது இடைஞ்சலாகவில்லை.

வயர் மாறியும் டிவிடி இன்னும் பிசிஎம் என்றே காட்டியது. பிளேயரின் மெனுவுக்குள் போனால் டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்தில் பிசிஎம், பிட்ஸ்ட்ரீம் என்று இரண்டு. பிட்ஸ்ட்ரீம் போட வேண்டும், அப்போதுதான் பிளேயர் தானே பிரிக்காமல் பொட்டலத்தைக் கட்டியபடியே ரிசீவரிடம் கொடுக்கும். டிஷ் பெட்டியின் மெனுவிலும் ஸ்டீரியோவை டால்பி டிஜிட்டல் ஆக்கினோம். அப்புறம் டிஸ்க்கின் மெனுவிலும் பார்க்க வேண்டும், சில டிஸ்க்கில் ஸ்டீரியோ ட்ராக்தான் முதலில் ஓடும், 5.1ஐ நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று இடமும் சரியான பிறகு திரையில் டால்பி டிஜிட்டல் எரிந்தது, பின்பெட்டியில் பாட்டு நின்று, படத்தில் பெய்கிற மழை மட்டும் கேட்டது. வெளியேயும் மழை பெய்துகொண்டிருந்ததால் அக்கா எழுந்து போய் ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்தார்.

ஸ்பீக்கர் விஷயத்துக்கு வருகிறேன். முன்னாலுள்ள இரண்டும் ஜப்பான் புத்தக அலுமாரி சைஸ் பெட்டிகள். பழைய ஜப்பான் பெட்டி வாங்கும்போது கூம்பைச் சுற்றியிருக்கிற வளையத்தை விரலால் மெதுவாக அழுத்துங்கள். ரப்பர் என்றால் வளைந்து திரும்பும். ஃபோம் என்றால் நம்முடைய ஈரத்தில் வருஷங்கள் போக அது உதிர்ந்து கருப்புத் தூளாக விரலில் ஒட்டும், அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். பின்னாலுக்கு, வீட்டில் கிடந்த பழைய ஹோம் தியேட்டர் செட்டின் சின்னப் பெட்டிகளையே மாட்டலாம் என்று மச்சானுக்கு ஆசை. அவற்றின் பின்னால் தடை 3 ஓம் என்று இருந்தது, ரிசீவரின் பின்னாலோ குறைந்தது 6 ஓம் வேண்டும் என்று. ஓம் குறையக் குறைய ஆம்ப் கூட ஆம்பியர் தள்ள வேண்டும், சத்தம் கூட்டினால் சூடாகிப் பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும், இல்லை அதற்கு முன்னாலேயே ஏதாவது போய்விடும். அவை அந்த செட்டின் சொந்த ஆம்புக்கென்றே செய்தவை. ஹட்டன் டவுனில் 8 ஓம் சின்னப் பெட்டி ஒரு ஜோடி எடுத்தோம்.

வயருக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். தங்க நிறத்தில் பெட்டி போட்டு விற்கிற வயர் எதுவும் வேண்டாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ட்வின் ஃபிளெக்ஸ் பத்து மீட்டர் இழுத்தால், போக வர இருபது மீட்டர், மொத்தத் தடை 0.23 ஓம் அளவு. எட்டு ஓம் பெட்டிக்கு அது ஒன்றுமில்லை. அதே நீளத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் அழைப்பு மணி வயரை இழுத்தால் 0.7 ஓம் ஆகும், அப்போது சத்தம் கொஞ்சம் குறையும், பேஸும் தளரும். வயரை சீலிங்குக்கு மேலால் கொண்டு போகத்தான் முதலில் எல்லாருக்கும் தோன்றும், ஆனால் எங்கள் பக்கம் சீலிங்குக்கு மேல் எலிகளின் ராஜ்யம், ஒரு மழைக்காலம் தாண்டாது. சுவரின் அடியோரமாக பிளாஸ்டிக் கேசிங்கில் விட்டோம். முனைகளை முறுக்கி, ஒரு இழை கூட வெளியே நீட்டாமல் திருகின் உள்ளே விடுங்கள், சிவப்பு இழை ஒன்று கருப்பைத் தொட்டால் போதும் ஷார்ட்டாகிவிடும்.

இரண்டு நிறமும் ஒரே மாதிரியான வயராக இருந்தால் 1.5 வோல்ட் டோர்ச் பேட்டரி ஒன்றை எடுத்து, ஆம்ப் பக்கம் கழற்றிவிட்டு, அந்த முனையில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் பட்ட வயர்தான் சிவப்பு. உள்ளே போனால் மாறியிருக்கிறது. முன்பெட்டி இரண்டில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும், பாடுகிறவர் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ அலையும்.

அந்த முன் காம்பரா பழைய லயத்துக் காம்பராதான் (தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஓர் அறை), பத்துக்குப் பன்னிரண்டு அடி, பின்னால் கூட்டிக் கட்டியிருக்கிறார்கள். உட்காருகிற இடத்திலிருந்து முன்பெட்டி இரண்டும் நேர்க்கோட்டுக்கு 30 பாகை இடமும் வலமும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. எளிதாகச் சொன்னால், எட்டடி தள்ளி உட்கார்ந்தால் பெட்டி இரண்டுக்கும் நடுவே எட்டடி. அது சரியாக அமைந்தது. சென்டர் பெட்டி, டிவிக்குக் கீழே, முகம் கொஞ்சம் மேலே தூக்கியபடி. பின்பெட்டிகள் 110 பாகை அளவில், அதாவது காதுக்குக் கொஞ்சம் பின்னால், பக்கவாட்டில், உட்கார்ந்திருப்பவர் காதைவிட ஓரடி இரண்டடி உயரத்தில். இங்கேதான் தகராறு. இடப்பக்கம் சமையலறைக் கதவு, வலப்பக்கம் சரியாக அந்த இடத்தில் சாமித் தட்டு. “சாமி படத்துக்குப் பக்கத்துல பெட்டியை மாட்டி சண்டைச் சத்தம் போடப் போறியா தம்பி?” என்று அக்கா கேட்டார். அதற்கு மேல் பேச்சில்லை. சோஃபாவையே ஓரடி முன்னுக்கு இழுத்து, வலப்பெட்டியைப் பின்சுவரின் மூலையிலும் இடப்பெட்டியைக் கதவு நிலைக்குப் பின்னாலும் மாட்டினோம். இரண்டும் ஒரே தூரத்தில் இல்லை. பரவாயில்லை, தூரத்தை ரிசீவரில் கொடுத்தால் கிட்ட இருப்பதன் சத்தத்தை அது பிடித்து வைத்து விடும், ஒரு மீட்டருக்கு மூன்று மில்லி செகண்ட் கணக்கு.

இந்த ரிசீவர் மைக் வைத்துத் தானே அளந்துகொள்ளும் வகை, ஆனால் ரீகண்டிஷன் சாமானோடு மைக் எங்கே வருகிறது? அளவு நாடாவால் தூரம் அளந்து, டெஸ்ட் டோனைப் போட்டு, போனில் டெசிபல் காட்டுகிற ஆப்பை சோஃபாவில் தலை இருக்கிற உயரத்தில் பிடித்து, ஐந்தும் 75 காட்டும் வரை ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்தோம். போன் சொல்வது சரியான எண்ணாக இருக்காது, அதனால் என்ன, ஐந்தையும் ஒரே போன்தானே அளக்கிறது. ஒன்று மட்டும் முக்கியம்: மழை பெய்யும்போது இதைச் செய்யாதீர்கள். தகரத்தில் மழை விழுந்தால் ஒன்றும் போடாமலேயே ஆப் 70ஐத் தாண்டுகிறது. மழை விடுகிற வரை டீ குடியுங்கள். மைக் இருக்கிறவர்களுக்கும் இதேதான், அந்த மைக்குக்கு மழை என்று தெரியாது.

சப் ஊஃபரை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு பழைய வழி உண்டு. அதைத் தூக்கி நாம் உட்காருகிற சோஃபாவில் வைத்து, பேஸ் அதிகமுள்ள பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு, நாம் தரையில் தவழ்ந்து சுவரோரமாகப் போக வேண்டும். எந்த இடத்தில் பேஸ் குமுறாமல் சீராகக் கேட்கிறதோ அங்கே சப். வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காது தேர்ந்தெடுத்த நல்ல இடம் வலது மூலை. ஆனால் அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் பக்கத்துக் காம்பரா, அங்கே ஒரு பாட்டி, விடிகிறதற்கு முன்னால் எழுந்து மருமகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்துக் கொழுந்து பறிக்க அனுப்புகிறவர். குரல் சுவரில் நிற்கும், பேஸ் நிற்காது. இரண்டாவது நல்ல இடமான சமையலறைக் கதவோரத்தில் வைத்து, அடியில் பழைய சைக்கிள் டியூபை மடித்துக் கொடுத்தோம். ரிசீவரில் இரவுக்கான ஒரு மோடும் இருக்கிறது, வெடிச்சத்தத்தை அடக்கிப் பேச்சை மேலே கொண்டு வரும், ராத்திரி ஒன்பதுக்குப் பிறகு அதுதான் என்று வீட்டில் முடிவு. நான் கேட்டால் சரவுண்டைவிட அந்த மோட்தான் லயத்தில் வாழ்கிறவர்களுக்கு அவசியம் என்பேன்.

ரிசீவரில் எல்லாப் பெட்டியையும் ஸ்மால் என்று போட்டு, முன்பெட்டிகளுக்கு 80 ஹெர்ட்ஸ், பின்னுக்கு 120. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் சப்புக்குப் போகும். அப்புறம் 30லிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறுகிற டோன் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். நாற்பதைத் தாண்டி ஓரிடத்தில் சீலிங் பீடிங் (விளிம்புப் பட்டை) ஒன்று கிரீச் என்றது, அப்புறம் தகரத்தில் தளர்ந்த ஓர் ஆணி, அப்புறம் ஷோகேஸில் இருந்த கண்ணாடித் தம்ளர்கள். இதுவரை சப் பிளந்து கத்துகிறது என்றுதான் மச்சான் நினைத்திருந்தார். ஆணியை அடித்து ரப்பர் வாஷர் போட்டு, பீடிங்குக்கு ஃபோம் துண்டு சொருகினோம். தம்ளர்கள் சமையலறைக்குப் போயின.

மிச்சம் இருந்தது ஓர் இரைச்சல். எல்லாம் சரியான பிறகும் சப்பில் இடைவிடாத உம்ம்ம். ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்ததில், டிஷ்ஷிலிருந்து வந்து டிஷ் பெட்டியின் பின்னால் செருகியிருக்கிற கோஎக்ஸ் வயரைத் திருகி எடுத்த உடனே நின்றது. டிஷ் வெளியே மண்ணில் ஊன்றிய இரும்புக் குழாயில் நிற்கிறது, அது ஓர் எர்த். சப் மூன்று பின் ப்ளக், அது வீட்டின் எர்த். இரண்டு எர்த்துக்கும் நடுவே கொஞ்சம் வோல்ட் வித்தியாசம், அந்த மின்சாரம் ஆம்பிலிருந்து சப்புக்குப் போகிற வயரின் உறை வழியாக ஓடுகிறது, அதைத்தான் சப் நமக்குப் பாடிக் காட்டுகிறது. சப்பின் எர்த் பின்னை வெட்டினால் நின்றுவிடும் என்று டவுனில் ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள், உயிரோடு விளையாடுகிற வேலை. கேபிள் டிவிக்கு விற்கிற, எர்த் தொடர்பைப் பிரிக்கிற ஐசொலேட்டர் இதற்கு ஆகாது, டிஷ்ஷின் தலைக்கு 13, 18 வோல்ட் அந்த கோஎக்ஸ் வழியாகத்தான் போகிறது, அவற்றில் பல அதைத் தடுத்துவிடும். வயரிங் பாஸை, அதாவது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, டிஷ் குழாயிலிருந்து தடித்த பச்சை வயர் ஒன்றை இழுத்து வீட்டின் பிரதான எர்த்தோடு சேர்க்கச் சொன்னோம். அதோடு ட்ரிப் சுவிட்ச்சின் டெஸ்ட் பொத்தானையும் அமுக்கிப் பார்க்கச் சொன்னேன், விழுந்தது, நல்லது. உம் காதைச் சப்பில் வைத்தால் மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கிவிட்டது.

அந்தப் பச்சை வயர் இருக்கிறது என்பதற்காக இடிக்குப் பயமில்லை என்று அர்த்தமில்லை. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் இடி மின்னல் தொடங்கினால் ப்ளக்கை மட்டும் அல்ல, கோஎக்ஸையும் கழற்ற வேண்டும். சுவிட்ச்சை அணைத்ததோடு நிறுத்தினவர்களின் டிவி எத்தனை டிஷ் வயர் வழியாகப் போயிருக்கிறது.

அக்கா ஆம்புக்கு மேலே பூ வேலை போட்ட துணி ஒன்றை விரித்திருந்தார், மேலே இருக்கிற துளைகள்தான் அது மூச்சு விடுகிற வழி என்று சொல்லி எடுக்க வைத்தேன், இப்போது அது டிவிடிக்கு மேலே. பனிக்காலத்தில் ஆம்பைப் பூட்டி வைப்பதைவிடத் தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுவது நல்லது, அந்தச் சூட்டிலேயே ஈரம் காயும். பச்சை பூத்த ஆர்சிஏ முனைகளை ஐசோபுரொப்பில் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும்.

டிவி சேனல், யூடியூப் பாட்டு பெரும்பாலும் ஸ்டீரியோதான், அதற்கு ரிசீவரில் ப்ரோ லாஜிக் 2 (ஸ்டீரியோவை ஐந்து பெட்டிக்கும் பிரித்துக் கொடுக்கிற மோட்) போட்டால் பேச்சு சென்டருக்கு வரும், பின்னால் கொஞ்சம் சூழல் விரியும். பாட்டு கேட்க மட்டும் என்றால் நான் எதையும் சேர்க்காத ஸ்ட்ரெய்ட் மோடில் போட்டு முன்பெட்டி இரண்டோடு கேட்பேன், மச்சானுக்கு ஐந்தும் பாட வேண்டும், அது அவர் வீடு. ட்ரான்ஸ்ஃபார்மர் சும்மா இருந்தாலும் கரண்ட் குடிக்கும் என்பதால் சுவர் சுவிட்ச்சையே அணைக்கிறார்கள். அப்படி அணைத்தால் திரும்பப் போடும்போது முதலில் ஆம்ப், அது எழுந்து திரை எரிந்த பிறகு டிவி. மாற்றிப் போட்டால் சில நேரம் ஏஆர்சி விழிக்காது, டிவியை ஒரு தரம் அணைத்துப் போட வேண்டி வரும்.